மீண்டும் இரு சக்கரம்: உங்களுக்குப் பொருந்தும் குரூசர் எது?

பதினேழு வயதில் அப்பாவின் காப்சாய். வேலைக்குப் போனதும் சொந்தக் காசில் ஓர் ஆர்எக்ஸ்இசட். கல்யாணம் ஆனதும் அதை விற்றுவிட்டு ஒரு சாகாவோ மைவியோ. நம் சமூகத்தில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் பலருடைய வாகன வரலாறு இவ்வளவுதான். பிள்ளைகள் பிறந்தபின் இரு சக்கரம் மறந்தே போகும். பிறகு ஒரு நாள், வீட்டுக் கடன் பாதி அடைந்து, பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட பின், டோல் சாவடி வரிசையில் கார் நகராமல் நிற்கும்போது, பக்கத்தில் ஒரு குரூசர் மெல்ல உறுமிக்கொண்டு கடந்து போகும். அன்றிரவே கைப்பேசியில் விலை தேடத் தொடங்கிவிடுவார்கள்.

பெண்களிலும் இப்படித் திரும்பி வருகிறவர்கள் உண்டு. கல்லூரி நாட்களில் ஸ்கூட்டர் ஓட்டியவர்கள், இப்போது கையில் சொந்த வருமானம் இருப்பவர்கள், தாழ்வான இருக்கை கொண்ட குரூசரைப் பார்த்ததும் "இது எனக்குச் சரியா வரும் போலிருக்கே" என்கிறார்கள். அவர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

குரூசர் என்பது தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, சற்று முன்னால் நீண்டிருக்கும் கால்மிதி, நீண்ட உடல் என்று அமைந்த மோட்டார் சைக்கிள். வேகப் பந்தயத்துக்கு இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகப் போவதற்கு. இதில் நடுத்தர அளவு என்றால் ஏறக்குறைய 300 சிசி முதல் 650 சிசி வரை எனக் கொள்ளலாம். நம் நாட்டுக்கு இந்த வடிவம் புதிதல்ல. கெடா, குருனில் தயாரான மொடேனாஸ் ஜாகோவை நினைவிருக்கிறதா? 175 சிசி குட்டிக் குரூசர். அதில் மனைவியை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனவர்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கக்கூடும்.

வீட்டில் முதலில் வரும் கேள்வி, "ஏங்க, இந்த வயசுல மோட்டார் எதுக்கு?" என்பதாகத்தான் இருக்கும். அதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. மலேசியச் சாலைகளில் ஆண்டுதோறும் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்தான். வீட்டில் இருப்பவர் பயப்படுவது காரணத்தோடுதான். ஆகவே எந்த பைக் அழகு என்பதைவிட, பதினைந்து வருடம் ஓட்டாத ஒருவருக்கு எது அடங்கும் என்பதே முதலில் கேட்க வேண்டியது.

உரிமம் கையில் இருக்கிறதா?

கடைக்குப் போகுமுன் பணப்பையில் இருக்கும் உரிமத்தை எடுத்துப் பாருங்கள். கார் ஓட்டும் டி வகுப்போடு பி2 என்றும் இருந்தால், காருக்காக உரிமத்தைப் புதுப்பித்த ஒவ்வொரு முறையும் மோட்டார் உரிமமும் உயிரோடு இருந்திருக்கிறது. ஆனால் பி2 என்பது 250 சிசி வரை மட்டுமே. பி1 என்றால் 500 சிசி வரை. அதற்கு மேல் எதை ஓட்டவும் பி வகுப்பு, அதாவது எல்லாரும் சொல்லும் 'பி ஃபுல்' வேண்டும். பி2 உரிமத்தில் 350 சிசி வண்டியைத் தொடக்கூடாது. 'நூறு சிசி தானே கூடுதல்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விபத்து என்று வந்துவிட்டால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது உரிமத்தின் வகுப்பைத்தான்.

உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டால் அதைப் புதுப்பிக்க முடியாது, புதிதாகத்தான் எடுக்க வேண்டும். வெளிநாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பி ஃபுல் எடுப்பதைப் பலரும் ஒரு தொல்லையாக நினைக்கிறார்கள். எனக்கென்னவோ, திரும்பி வருகிறவருக்குக் கிடைக்கும் மிக மலிவான பாதுகாப்பு அதுதான் என்று தோன்றுகிறது. ஓட்டுநர் பள்ளியின் பெரிய பைக்கில், பள்ளியின் மைதானத்தில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, அந்தக் கனம் எப்படி இருக்கும் என்று உடம்பு தெரிந்துகொள்கிறது. கீழே போட்டாலும் அது உங்கள் வண்டி இல்லை. பைக்கை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு உரிமத்துக்கு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் உரிமம், பிறகு பைக். பயிற்சியின்போதே 'இது நமக்கு வேண்டாம்' என்று தோன்றினால் சில நூறு வெள்ளியோடு போகும்.

கனம்தான் எல்லாம்

காப்சாயின் எடை ஏறக்குறைய 100 கிலோ. நின்ற இடத்தில் சாய்ந்தால் ஒரு காலால் தாங்கிக்கொள்ளலாம், பின்னால் பிடித்துத் தூக்கித் திருப்பி வைக்கலாம். நடுத்தரக் குரூசர்கள் 175 கிலோவில் தொடங்கி 240 கிலோ வரை போகின்றன. ஓடும்போது இந்தக் கனம் தெரியாது. பிளஸ் நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் கனமான வண்டி இன்னும் நிலையாகவே போகும். லாரி கடக்கும்போது அடிக்கும் காற்றில் காப்சாய் ஆடுவதுபோல் ஆடாது. கனம் தன்னைக் காட்டுவது நடை வேகத்தில். எரிபொருள் நிலையத்தில் திரும்பும்போது, பேரங்காடியின் மாடி நிறுத்துமிடத்தில் சுழன்று ஏறும்போது, மணல் கிடக்கும் சந்திப்பில் நிற்கும்போது. திரும்பி வருகிறவர்கள் பைக்கைக் கீழே போடுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

நம் வீடுகளின் அமைப்பையும் யோசியுங்கள். வரிசை வீடு, முன்னால் ஒரு கார் நிற்கும் போர்ச், அது சாலையை நோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும், நடுவில் கால்வாய் மேல் போட்ட இரும்புக் கம்பி மூடி. இரவு வந்து பைக்கை மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்தினால், காலையில் காருக்கும் சுவருக்கும் இடையில் 200 கிலோவைப் பின்னுக்கு இழுத்து வெளியே கொண்டு வர வேண்டும். குரூசருக்குப் பின் கியர் கிடையாது. மழையில் நனைந்த இரும்பு மூடியில் கால் வழுக்கினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதனால், கடையில் ஒரு பைக்கில் உட்கார்ந்து கண்ணாடியில் அழகு பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். இறங்கி, இடப்பக்கம் நின்று, அதைப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். சரிவு இருந்தால் இன்னும் நல்லது. விற்பனையாளர் கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அடுத்து இருக்கையின் உயரம். குரூசரின் பெரிய அனுகூலம் இதுதான். ஹோண்டா ரெபல் 500இன் இருக்கை தரையிலிருந்து 690 மில்லிமீட்டர். கவாசாகி வல்கன் எஸ் 705. கவாசாகி எலிமினேட்டர் 735. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650க்கு 740, மீட்டியோர் 350க்கு 765. ஐந்தடி இரண்டு அங்குலம் உள்ள ஒரு பெண்ணுக்கு ரெபலில் இரு பாதமும் முழுதாகத் தரையில் படிய நல்ல வாய்ப்பு உண்டு. நிற்கும்போது பாதம் முழுதும் படிகிறது என்ற நம்பிக்கை, முதல் ஆறு மாதத்தில் குதிரைத் திறனைவிட அதிகம் உதவும். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இருக்கை அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, தாழ்ந்த இருக்கையிலும் குதிகால் எழும்பிவிடும். உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும், அதுவும் நீங்கள் அணியப்போகும் காலணியோடு. ஜப்பான் சிலிப்பரோடு போய்ப் பார்ப்பதில் பயனில்லை.

கால்மிதி முன்னால் இருப்பது பார்க்க ஒயிலாக இருக்கும். நாற்பதைத் தாண்டிய இடுப்புக்கு அது வேறு கதை சொல்லும். சாதாரண மோட்டாரில் பள்ளம் வந்தால் கால்மிதியில் ஊன்றி இருக்கையிலிருந்து லேசாக எழும்பிக்கொள்ளலாம். கால்கள் முன்னால் நீண்டிருக்கும்போது அது முடியாது. உடம்பின் எடை முழுதும் வால் எலும்பில் இறங்குகிறது, பள்ளத்தின் அடி நேராக முதுகுத் தண்டுக்குப் போகிறது. ஏற்கெனவே முதுகு வலி உள்ளவர்கள் கால்மிதி நடுவில் அமைந்த வண்டியைப் பார்ப்பதே நல்லது. ரெபலிலும் எலிமினேட்டரிலும் கால்மிதி அதிகம் முன்னால் போகவில்லை. வல்கன் எஸ்ஸில் கால்மிதியின் இடத்தை உயரத்துக்கு ஏற்ப முன்பின் மாற்றி அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. வாங்கும்போதே கடையில் அளந்து பொருத்தித் தரச் சொல்லுங்கள்.

காப்சாய் கற்றுக்கொடுத்ததை மறக்க வேண்டும்

இது பலரும் எதிர்பார்க்காத சிக்கல். இத்தனை ஆண்டு கழித்துத் திரும்பினாலும் கை கால்கள் மறப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அவை நினைவில் வைத்திருப்பது காப்சாயை. அதற்குக் கையில் கிளட்ச் கிடையாது. கியரைக் காலால் தட்டினால் போதும். நெருக்கடியில் பலரும் முதலில் மிதிப்பது பின் பிரேக்கைத்தான். இருநூறு கிலோ வண்டி அந்தப் பழக்கத்தோடு ஒத்துப்போகாது. குரூசர் நீளமாகவும் தாழ்வாகவும் இருப்பதால் அதன் பின் பிரேக் மற்ற பைக்குகளைவிட நன்றாகவே வேலை செய்யும் என்றாலும், வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். பிடியைத் திடீரென்று இறுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். கைப்பிடி ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது, நடை வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். நிற்குமுன் கைப்பிடி நேராக இருக்கட்டும்.

ஏபிஎஸ் இல்லாத வண்டியை, அதுவும் பழைய மாதிரியாக இருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். மாலை நான்கு மணிக்குச் சோவென்று கொட்டும் நம் ஊர் மழையில், எண்ணெய் படிந்த சாலையின் முதல் பத்து நிமிடம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பிரேக்கில் கை மறந்துபோன ஒருவருக்கு அந்தப் பத்து நிமிடத்தில் துணை நிற்பது ஏபிஎஸ்.

வளைவுகளிலும் ஒரு மாற்றம் உண்டு. குரூசரைக் காப்சாய்போல் சாய்க்க முடியாது, கால்மிதி தரையில் உரசும். ஆகையால் வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையிலும், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பழைய பாதையிலும் இது புரியும். அங்கே முதல் மாதத்திலேயே போக வேண்டாம்.

இன்னொன்று. ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970களில் அமைத்த மோட்டார் சைக்கிள் தடம் உலகிலேயே முதலாவது என்று நாம் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் அது சின்ன மோட்டார்களை மனத்தில் வைத்து அமைத்தது. குறுகலான இடங்கள், திடீர் வளைவுகள், பாலத்தடியில் தேங்கும் தண்ணீர், பின்னால் அவசரத்தில் வரும் உணவு விநியோகிப்பாளர்கள். அகன்ற கைப்பிடியும் நீண்ட உடலும் உள்ள வண்டியை அதில் ஓட்டுவது தனிக் கலை. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குத் தினமும் வேலைக்குப் போக மட்டுமே வண்டி தேடுகிறீர்கள் என்றால், மனத்தில் கைவைத்துச் சொல்கிறேன், ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்குங்கள். நெரிசலில் குரூசர் அனலைக் கக்கும். வலது தொடை வெந்துபோகும்.

எந்த வண்டி?

ராயல் என்ஃபீல்டு என்றதும் நம்மில் பலருக்குச் சென்னை நினைவு வரும். 1955இல் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு தொடங்கியது. விடுமுறைக்குத் தமிழ்நாடு போய், சித்தப்பாவின் புல்லட்டில் பின்னால் உட்கார்ந்த ஞாபகம் வாங்கும் முடிவில் பாதியை எடுத்துவிடுகிறது. அதில் தவறில்லை. இன்று வரும் மீட்டியோர் 350 அந்தப் பழைய புல்லட் இல்லை. 2020 இறுதியில் புதிய இயந்திரத்தோடு வந்தது. 349 சிசி, ஒற்றை சிலிண்டர், சுமார் 20 குதிரைத் திறன், 191 கிலோ. அதிர்வு நன்றாகக் குறைந்திருக்கிறது, இழுவை மென்மை, பயமுறுத்தாது. மீண்டும் தொடங்குகிறவருக்கு இவ்வளவு பொறுமையான வண்டி அரிது.

ஆனால் அதன் எல்லையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். 20 குதிரைத் திறன் என்பது தாமான் சாலைக்கும், பழைய கூட்டரசுச் சாலைகளுக்கும், ஞாயிறு காலை உலு லங்காட் போய் வருவதற்கும் தாராளம். 110 கிலோமீட்டர் வரம்புள்ள பிளஸ் நெடுஞ்சாலையில், பின்னால் ஆள், பக்கத்தில் பை என்று ஈப்போவுக்குப் போகும்போது, 90இல் நிம்மதியாக ஓடும், அதற்கு மேல் திணறும். கராக் நெடுஞ்சாலையின் ஏற்றத்தில் பேருந்தைக் கடக்க வேண்டும் என்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நெடுஞ்சாலையில் மற்ற வாகனங்களோடு சமமாகப் போக முடியாததும் ஓர் ஆபத்துதான்.

தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை ஓட்டும் எண்ணம் இருந்தால் இரட்டை சிலிண்டர் வண்டிகளைப் பாருங்கள். என் பார்வையில், திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சரியான இடம் 450க்கும் 500க்கும் இடையில் இருக்கிறது. ரெபல் 500, 471 சிசி, சுமார் 46 குதிரைத் திறன். எடை ஏறத்தாழ 190 கிலோ, மீட்டியோர் 350 அளவுதான். அதாவது அதே கனத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி, அதுவும் திடீரென்று பாயாமல் சீராக வரும். எண்ணெய்த் தொட்டி 11 லிட்டர் சொச்சம்தான், ஆகவே நெடும்பயணத்தில் ஓய்வுத் தலங்களை எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஓட்டுபவருக்கும் அது நல்ல சாக்கு. எலிமினேட்டர் 500 அதைவிட இலேசு, 176 கிலோ அளவில், 451 சிசி. சீன நிறுவனமான சிஎஃப்மோட்டோவின் 450சிஎல்-சியும் இதே வகுப்பில், 690 மில்லிமீட்டர் இருக்கையோடு வருகிறது. அதை வாங்குவதானால் உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் சேவை மையம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த அறிவுரை எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும் என்றாலும் சுங்கை சிப்புட், குளுவாங் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும்.

650 வகுப்பில் இரண்டு பெயர்கள். வல்கன் எஸ், 649 சிசி, சுமார் 60 குதிரைத் திறன், 230 கிலோ அளவு. இதன் இயந்திரம் கவாசாகியின் விளையாட்டு பைக் குடும்பத்திலிருந்து வந்தது. முறுக்கினால் பாயும், அதை மனத்தில் வையுங்கள். சூப்பர் மீட்டியோர் 650 வேறு குணம். 648 சிசி, 47 குதிரைத் திறன், ஆனால் 241 கிலோ. ஓட்டத்தில் அரச நடை, ஒலியும் அப்படியே. நிறுத்துமிடத்தில் அந்த 241 கிலோவும் உங்களுடையது. உடல் வலு உள்ளவர், தினமும் அல்லாமல் வார இறுதியில் மட்டும் எடுப்பவர், வீட்டு வாசலில் சமதள இடம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் ஒரு வருடம் சிறியதில் ஓட்டிவிட்டு வரலாம்; இந்த வகுப்பு எங்கும் ஓடிப்போகாது.

இதைவிடப் பெரிதாக, 900 சிசிக்குப் பக்கத்தில் பழைய அமெரிக்க வண்டி நல்ல விலைக்கு வருகிறது என்று நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். நண்பர்கள் காட்டும் ஆசைக்கு மாதத் தவணை கட்டப்போவது நாம்.

பின்னால் உட்காருபவர்

குரூசர் வாங்கும் கணவர்கள் வீட்டில் சொல்லும் முதல் வாக்குறுதி, "உன்னையும் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பது. பல குரூசர்களின் பின் இருக்கையைப் பார்த்தால் அந்த வாக்குறுதி எவ்வளவு தூரம் நிலைக்கும் என்று தெரிந்துவிடும். ரெபலின் பின் இருக்கை ஒரு சிறு மெத்தைத் துண்டு. முதுகுச் சாய்வு இல்லாவிட்டால் பின்னால் இருப்பவர் ஒவ்வொரு முறை வேகம் எடுக்கும்போதும் பின்னுக்குச் சரிவதாக உணர்வார். மீட்டியோர்களின் பின் இருக்கை ஓரளவு தாராளம். எதை வாங்கினாலும் முதுகுச் சாய்வும் அகலமான பின் இருக்கையும் கூடுதல் பொருளாகக் கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேளுங்கள். மனைவியையும் கடைக்கு அழைத்துச் சென்று, பின்னால் உட்காரச் சொல்லி, பத்து நிமிடம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் முதுகு வலித்தால் தைப்பூசத்துக்கு ஈப்போவிலிருந்து பத்துமலை எப்படி வருவது?

ஆள் ஏறியதும் வண்டியின் குணமே மாறும். நிறுத்தும் தூரம் கூடும், முன் சக்கரம் இலேசாகும், பின் ஸ்பிரிங்கை இறுக்கி, டயர் காற்றையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு ஏற்ற வேண்டும். குறைந்தது ஓராயிரம் கிலோமீட்டர் தனியாக ஓட்டிய பிறகே யாரையும் ஏற்றுங்கள்.

பணக் கணக்கு

கடையில் சொல்லும் விலையில் சாலை வரி, காப்புறுதி, பதிவு எல்லாம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். சாலை வரி பெரிய சுமை இல்லை. 150 சிசி வரை 2 வெள்ளி கட்டிப் பழகியவர்களுக்கு 251 முதல் 500 சிசி வரை 100 வெள்ளி, 501 முதல் 800 சிசி வரை 250 வெள்ளி என்பது உறுத்தலாம், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறைதான். உண்மையான செலவு கடனில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: 20,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 5 விழுக்காடு நிலையான வட்டி, ஐந்து ஆண்டு என்றால் வட்டி மட்டும் 5,000 வெள்ளி, மாதம் ஏறக்குறைய 417 வெள்ளி. அதே கடனை வங்கி அல்லாத கடன் நிறுவனத்தில் 10 விழுக்காட்டுக்கு எடுத்தால் வட்டி 10,000 வெள்ளி, மாதம் 500. வாரம் ஒரு முறை ஓட்டும் பொருளுக்கு இது எவ்வளவு என்று வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசுவது நல்லது.

காப்புறுதி முழுமையானதாக இருக்கட்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்தால் பைக் திருடு போனாலும் எரிந்தாலும் ஒரு காசும் வராது. புகைபோக்கியை மாற்றி ஊரைக் கூட்டும் ஆசை இருந்தால், சம்மனோடு காப்புறுதிச் சிக்கலும் சேர்ந்து வரும்.

பழைய வண்டி பார்க்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். குரூசர்கள் பெரும்பாலும் குறைவாக ஓடியிருக்கும், அதனாலேயே வேறு பிரச்சினைகள் இருக்கும். மீட்டர் 6,000 கிலோமீட்டர் காட்டும், டயரின் பட்டைகள் புதிதுபோல் இருக்கும், ஆனால் டயர் தயாரித்து எட்டு வருடம் ஆகியிருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 1819 என்றால் 2019ஆம் ஆண்டின் 18ஆம் வாரம். இறுகிப்போன பழைய டயர் ஈரச் சாலையில் பிடிக்காது. இரண்டு டயர் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். முன் ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, சங்கிலியின் துரு, கைப்பிடி முனையிலும் கால்மிதி முனையிலும் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். முனைகள் தேய்ந்திருந்தால் வண்டி கீழே விழுந்திருக்கிறது. நின்றபடி விழுந்ததா, ஓட்டத்தில் விழுந்ததா என்பதை எதிரும் புதிருமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது நீங்களே முடுக்கிப் பாருங்கள். நீங்கள் வருமுன் அவர் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். கிரானில் உள்ள இயந்திர எண்ணும் சட்ட எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா, கடன் பாக்கி, சம்மன் பாக்கி உண்டா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். 'பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கலாம், அண்ணே' என்று சொல்கிறவரிடமிருந்து வாங்கவே வேண்டாம்.

உடம்புக்கு ஒதுக்கும் பணம்

அலமாரி மேல் இருக்கும் பழைய தலைக்கவசத்தைத் தூசு தட்டி எடுக்காதீர்கள். உள்ளிருக்கும் நுரை நம் வெப்பத்தில் வருடக் கணக்கில் கிடந்து இறுகியிருக்கும். சிரிம் முத்திரை உள்ள, முகம் முழுதும் மூடும் புதிய கவசம் இரண்டு, அவருக்கு ஒன்று உங்களுக்கு ஒன்று. காற்றுப் போகும் வலை மேலங்கி, தோள், முழங்கைகளில் காப்புத் தகடு உள்ளது. கையுறை. கணுக்காலை மூடும் காலணி. குளிர்காற்றுச் சட்டையை முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்ளும் நம் தேசிய வழக்கத்தை இந்த வண்டியில் விட்டுவிடலாம். பைக்குக்கு ஒதுக்கும் தொகையிலேயே இவற்றுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். பைக் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றால் அடுத்த போனஸ் வரை தள்ளிப் போகும்.

மழைக்கோட்டும் இருக்கையின் கீழோ பையிலோ நிரந்தரமாக இருக்கட்டும். மழை வந்ததும் நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் அவசரத் தடத்தில் கூட்டமாக நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதைச் செய்திகளில் படித்திருக்கிறோம். மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கான கூரை நிழற்குடைகள் நெடுஞ்சாலைகளில் இருக்கின்றன. அதுவரை போகவோ, அடுத்த ஓய்வுத் தலத்தில் தேநீர் குடித்துக் காத்திருக்கவோ மழைக்கோட்டு உதவும்.

வண்டி கைக்கு வந்த முதல் நான்கு ஞாயிறுகளுக்கு ஒரு யோசனை. காலை ஏழு மணிக்குக் காலியாக இருக்கும் ஒரு பெரிய நிறுத்துமிடம் தேடுங்கள். கிளட்சை பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, நடை வேகத்தில் எட்டுப் போடுங்கள். பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல், போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும். பார்க்கும் இடத்துக்குத்தான் வண்டி போகும். பிறகு 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்திப் பழகுங்கள், பத்து முறை, இருபது முறை, ஏபிஎஸ் கையிலும் காலிலும் துடிப்பதை உணரும் வரை. இரண்டாவது ஞாயிறு தாமானுக்குள், மூன்றாவது பழைய சாலையில் அடுத்த ஊர் வரை, நான்காவது நெடுஞ்சாலையில் இரண்டு சாவடி தூரம். இரவுப் பயணம் அதற்குப் பிறகு. நாற்பதுக்கு மேல் எதிரே வரும் விளக்கொளி கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பார்வையைச் சோதித்துக்கொண்டு கிளம்புங்கள்.